கோதையின் வயிற்றுவலி

ஜூலை 27, 1973. வெள்ளி

காலையிலிருந்து மேகமூட்டம். வடாம் பிழியலாமா வேண்டாமா என்று பத்து தரம் வானத்தைப் பார்த்தாயிற்று. பிழியவில்லை.

கோதைக்கு இன்றும் வயிற்றுவலி. பள்ளிக்கூட மணி அடிக்கிற நேரத்துக்குச் சரியாக வருகிறது. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஒன்றுமில்லையென்றால் ஒன்பது வயசுப் பெண் ஏன் இப்படித் துரும்பாய் இளைக்கிறாள்? முன்பெல்லாம் வாய் ஓயாது. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து கேட்டால்தான் பதில். பயமாக இருக்கிறது எனக்கு.

வாங்க வேண்டியது: வெல்லம், சீயக்காய், கோ.வுக்குப் பச்சை ரிப்பன்.

இவர் கோயில் மடப்பள்ளியில் தளிகை முடித்து வந்ததும், "அமாவாசையன்னிக்குக் குளத்துல வெல்லம் கரைச்சுடு, பெருமாள் பாத்துப்பார்" என்றார். திருவள்ளூரில் எந்த வலிக்கும் முதல் மருந்து அதுதான்.

ஜூலை 29. ஞாயிறு. ஆடி அமாவாசை

கோயிலில் நெரிசல். ஊத்துக்கோட்டை பஸ் எல்லாம் இங்கேதான் கொட்டியது போல. வெல்லம் கரைத்தோம். கரைகிற வரை கோ. குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

உண்டியலில் போட வெள்ளித் தகடு வாங்கப் போனேன். கடைக்காரி, "இன்னாம்மா வோணும்? கண்ணா, காலா, வயிறா?"

"வயிறு."

கோ. என் புடவையை இழுத்தாள். "வயிறு இல்லைம்மா."

"பின்ன எங்க கண்ணு வலிக்குது?" என்றாள் கடைக்காரி.

"தெரியலை."

"தெரியாததுக்கெல்லாம் தகடு அடிக்கலியே கண்ணு!" என்று சிரித்தாள். அசடு நான், வயிற்றுத் தகட்டையே வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 30. திங்கள்

பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று கோ. தூணைக் கட்டிக்கொண்டாள். இவர், "ரெண்டு போட்டாத்தான் போவா" என்றார். "குழந்தை மேல கை வெச்சேளோ தெரியும் சேதி" என்றேன். எங்கிருந்து வந்ததோ அவ்வளவு கோபம். சாப்பிடாமல் கோயிலுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் அப்பா நினைவு. சின்ன வயசில், பொதட்டூர்பேட்டையில், நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் என்னாச்சு, ஏதாச்சு என்று குடைய மாட்டார். "வா, காத்தாடப் போலாம்" என்று சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொள்வார். தெரு முழுக்கத் தறிச் சத்தம், நூலுக்குப் போடுகிற கஞ்சி வாசனை. ஏரிக்கரை வருவதற்குள் அவர் முதுகைப் பார்த்து எல்லாவற்றையும் கொட்டிவிடுவேன். முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னால் வந்திருக்காது. அந்தச் சட்டையின் வியர்வை வாசனைகூட இப்போது மூக்கில். என்ன சுகமான நாட்கள்! அப்பா, உங்களை ஒரு தடவை பார்த்தால் தேவலை.

ஜூலை 31. செவ்வாய்

பள்ளிக்கூடம் வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். எண்ணெய்க் குளியல். முதுகைக் காட்டி உட்காரவைத்து நிதானமாகத் தேய்த்தேன். எதுவும் கேட்கவில்லை. பக்கத்தாத்துப் பூனை குட்டி போட்டது, ரிப்பன் சாயம் போகுமா, இப்படி ஏதோ பேச்சு.

திடீரென்று, "அம்மா, நான் ஸ்கூல்லேந்து வரச்சே ஆத்துக் கதவு பூட்டியிருக்குமா?"

கை நின்றுவிட்டது. சித்திரையில், பரீட்சை சமயம், பிரசவ வலி கண்டு என்னை மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இவள் பள்ளிக்கூடத்தில். வந்து பார்த்தால் பூட்டு. விளக்கு வைக்கிற வரை படியிலேயே உட்கார்ந்திருந்தாளாம். நான் வெறுங்கையோடு திரும்பினேன். குழந்தைக்கு எதுக்குச் சொல்லணும் என்று ஊரே வாயை மூடிக்கொண்டது. நானும்தான்.

சொன்னேன். "உனக்குத் தம்பி பொறந்தான்டி. உசிரோட இல்லை."

"பேர் வெச்சேளா?"

"இல்லைடி கண்ணே."

திரும்பி என் மடியில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன், எண்ணெய்க் கையோடு. இந்த வீட்டில் அவனுக்காக அழ இத்தனை நாள் ஆயிற்று.

"இனிமே எங்க போனாலும் உன் கிளாஸுக்கு வந்து சொல்லிட்டுத்தான் போவேன்" என்றேன்.

"நிஜமா?"

"நிஜமா."

ஆகஸ்ட் 1. புதன்

விடியற்காலை மழை. தெருவெல்லாம் சேறு.

அவளாகவே பள்ளிக்கூடப் பையை எடுத்தாள். வாசலில், "நீ இங்கயே நில்லு" என்றாள். நின்றேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தாள். கை அசைத்தேன். தெருமுனையில் மறுபடி. உள்ளே பால் பொங்கி அடுப்பில் வழிகிற வாசனை. இவர், "பால், பால்" என்று கத்துகிறார். பொங்கட்டும். அவள் இன்னொரு தரம் திரும்புவாள்.