கீழறைக் கம்ப்யூட்டர் செத்த வாரம்

ஜனவரி 11, வியாழன்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு. கீழறைக் கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினேன். விளக்கு இல்லை, விசிறிச் சத்தம் இல்லை. நேற்று மத்தியானம் வரை நன்றாகத்தான் இருந்தது.

வேறு வாரமாக இருந்தால் கவலைப்பட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ட்ரெவர் அதில் வீடியோவில் தன் கைக்குழந்தையைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். வடக்கே யெல்லோநைஃப் ஊருக்குப் போய் இரண்டு வருடமாக என்னோடு பேசாத மகன். ‘இந்தத் தடவையாவது சாக்குச் சொல்லி அடுத்தவங்க மேல பழி போடாதேம்மா’ என்று எழுதியிருந்தான். பழி போடுகிறவளாம். நானாம்.

என் கணவர் வெர்ன் இறங்கி வந்து, "சுவத்து பிளக்குல கரண்டு வருதான்னு பாக்கலாமா?" என்றார். மூளை வேலை செய்கிற அழகு.

"தலைக்கு மேல லைட்டு எரியுதே, கண்ணு தெரியலையா?" என்றேன். மேலே போய்விட்டார்.

ஜனவரி 12, வெள்ளி

பக்கத்து வீட்டு டெல்பர்ட் வந்தார். தானியக் கிடங்கு ஆபீசில் கம்ப்யூட்டர் பார்த்தவராம். பூட்ஸைக் கழற்றவே அரை யுகம். பின்பக்க ஒயரைப் பிடுங்கிவிட்டுத் தன் வீட்டு ஒயரை அதே சுவர் பிளக்கில் செருகிப் பார்த்தார். முகத்தில் பெரிய டாக்டர் களை.

"உள்ள இருக்கற பவர் சப்ளை பெட்டி போச்சு, ஆர்லின்."

"அப்போ கழட்டுங்க. பாத்துக்கிட்டு நின்னா ஆச்சா?"

குடலை உருவி மேசையில் பரப்பிவிட்டு, புதுசு நாளைக்கே வந்துவிடும் என்றார். நான் சுட்ட இலவங்கப்பட்டை பன் இரண்டு அவர் வயிற்றுக்குள் போனது.

ஜனவரி 13, சனி

வரவில்லை. டெல்பர்ட்டின் நாளை எந்த ஊர் நாளையோ.

ஜனவரி 14, ஞாயிறு

சர்ச்சுக்குக் கிளம்பினால் வண்டியும் செத்துக் கிடக்கிறது. குளிர் கொட்ட ஆரம்பித்த புதன் இரவிலிருந்தே எஞ்சின் உறையாமல் இருக்க அதன் ஹீட்டரை வெளிச்சுவர் பிளக்கில் செருகித்தான் வைத்திருந்தோம்.

"இந்த வீட்டுல உங்க கை பட்டது எதுதான் ஓடுது?" என்றேன்.

வெர்ன் கராஜுக்குள் போனார். அங்கே ஒரு பிளக், ஈரம் பட்டால் தானே கரண்டை நிறுத்திவிடும் வகை. அதன் சிவப்புப் பொத்தானை அழுத்தினார், டக்கென்று வெளியே வந்துவிட்டது. ஹீட்டருக்குப் போகிற ஒயரைப் பிடுங்கிவிட்டு அழுத்தினார், உள்ளேயே நின்றது. அப்புறம் ஒரு மேசை விளக்கைக் கீழறைக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டர் பிளக்கில் செருகினார். எரிந்தது. வெளிப் பிளக், கீழறைப் பிளக் இரண்டுக்கும் அந்தப் பொத்தான் வழியாகத்தான் கரண்ட் போகிறதாம். தலைக்கு மேலே எரிகிற விளக்குக்கு வேறு வழி.

ஹீட்டருக்குப் போன ஒயர் வீட்டுக்குள் போடுகிற மெல்லிய ஒயர். பனியில் கிடந்து வெடித்து, உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது. நவம்பரில் வெர்ன் தடித்த ஆரஞ்சு ஒயரைக் கையில் எடுத்தபோது, "இருக்கற ஒயருக்கு என்ன கேடு?" என்று கடையிலேயே திரும்ப வைத்தவள் யார்? அவர் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

கரண்ட் வந்துவிட்டது, ஒரு கேடும் இல்லாத கம்ப்யூட்டர் துண்டு துண்டாகக் கிடக்கிறது. டெல்பர்ட் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எங்களிடம் மிச்சம் சுவர் ஃபோன்தான். எண்ணைச் சுழற்றும்போது டெல்பர்ட் மடையன், வெர்ன் மந்தம் — எல்லாம் நாக்கு நுனியில் தயார்.

"கம்ப்யூட்டர் ஓடல, ட்ரெவர்."

"நெனச்சேன். இந்தத் தடவை யாரு பண்ணினது?"

"நான்."

 ஃபோனை வைத்துவிட்டானோ என்று பார்த்தேன். பிறகு "இரும்மா" என்றான். ஏதோ சரசரப்பு. அப்புறம் ஒரு குழந்தை மூச்சு, சின்னது, லேசாக மூக்கடைத்தது.

அழுதேன். வெர்னிடம் சொல்ல மாட்டேன்.

ஜனவரி 16, செவ்வாய்

டெல்பர்ட் புது பவர் சப்ளையை மாட்டினார். பொத்தானை அழுத்தினார். ஓடியது.

"நான் சொன்னேன்ல, ஆர்லின்?"

படிக்கட்டில் வெர்ன், கையில் புது ஆரஞ்சு ஒயர், என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா, டெல்பர்ட்," என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

சாயங்காலம் குழந்தையைப் பார்த்தேன். பெண். என் மோவாய் வந்திருக்கிறது, பாவம்.