இல்லாதவனுக்குத் துக்கம்

மார்ச் 3, குமாசி

போனிலேயே பழகிய டெரிக் இன்றும் முகம் காட்டிப் பேசவில்லை. வேலை பார்க்கிற எண்ணெய்க் கப்பலில் சிக்னல் போதாதாம். போன வருஷத்திலிருந்து போதவில்லை. சந்தையில் சொந்தக் கடை வைத்துத் துணி விற்கிறவள் நான், என்னை ஏய்க்க முடியுமா? கேட்டேவிட்டேன்: "என்னைக் கட்டிக்கறது நிஜம்னா, முறைப்படி உங்க ஆளுங்களை அனுப்பி எங்க வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லுங்க." ஏமாற்றுக்காரன் எவனும் அதற்குத் துணியமாட்டான்.

மார்ச் 16

வந்தேவிட்டார்கள். டெரிக்கின் மாமா என்று வெள்ளைத் தாடிப் பெரியவர் ஒருவர், கூட இரண்டு பேர். "உங்க தோட்டத்துல ஒரு பூவைப் பாத்தோம், பறிச்சுக்கலாமான்னு கேக்க வந்தோம்" என்றார். என்ன பேச்சு, என்ன பணிவு. அண்ணன் ஓபெங் சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் அவர்கள் கொண்டுவந்த ஜின் சாராயப் புட்டியை வாங்கி முதல் வாய் குடித்தான். குடித்தால் சம்மதம். நான் அடுப்படியில் போய் அழுதேன்.

ஏப்ரல் 9

டெரிக் அனுப்பிய கல்யாணச் சாமான் பெட்டி துறைமுகத்தில் நிற்கிறது, வரி கட்டினால்தான் விடுவார்களாம். கடையை விற்றுப் பணத்தை டெரிக்குக்கு அனுப்பினேன். கடையை வாங்க அண்ணன்தான் ஆள் பிடித்துக் கொடுத்தான். "மாப்பிள்ளை வீட்டு ஆளுங்களை நானே பாத்தேன், பயப்படாதே."

ஏப்ரல் 12

டெரிக் எண் அணைந்துகிடக்கிறது.

மே 4

தோழி வீட்டு இழவில் அதே வெள்ளைத் தாடி, வேறொரு குடும்பத்துக்காகப் பேசிக்கொண்டிருந்தார். மடக்கினேன். "நான் கூலிக்குப் பேசுறவன்மா. எவனோ போன்ல கூப்பிட்டான், காசு அனுப்பினான், வந்து பேசினேன்." நகரும்போது, "உங்க வீட்டுச் சாப்பாடு நல்லா இருந்துச்சு" என்றார்.

பாவி. என் கடை போச்சே. பதினெட்டு வயசுலேர்ந்து நின்ன கடை — நானே வித்தேனே, என் கையாலயே.

மே 6

போலீசுக்குப் போகலாம் என்றேன். அண்ணன் எகிறினான்: "என்னன்னு சொல்லுவே? குடும்பத்துக்குத் தலைவன், திருடன் குடுத்த ஜின்னைக் குடிச்சான்னா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்? மாப்பிள்ளை கடல்ல செத்துட்டார்னு சொல்லிடுவோம். இழவு மொய்யும் வரும்."

வேண்டாம் என்றேனா? இல்லை.

மே 25

தெருமுனையில் இழவுப் பந்தல். டெரிக் போனில் அனுப்பியிருந்த படம், ஆளுயரத்துக்கு. யாருடைய முகமோ, எங்கே உயிரோடு இருக்கிறானோ. கறுப்பு உடுத்தி அதன் கீழே உட்கார்ந்தேன். அழக் கூடாது என்றுதான் இருந்தேன், முடியவில்லை. மெய்யாகவே அழுதேன். "எவ்வளவு ஆசை வச்சிருந்தா பாரு" என்றார்கள். மொய்ப் பணத்தை அண்ணனே வைத்துக்கொண்டான். பந்தல் செலவாம்.

ஆகஸ்ட் 19

நான் விற்ற கடையிலேயே இப்போது கூலிக்கு நிற்கிறேன். கட்டிக்கொள்ள இருந்தவனைக் கடலுக்குக் கொடுத்தவள் என்று எல்லாரும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள். பக்கத்துக் கடைக்கு அஃப்ரியே என்று ஒருத்தி வெளியூரிலிருந்து புதிதாக வந்திருக்கிறாள், இரண்டு பிள்ளைகளோடு தனியாள். இன்று வெட்கப்பட்டுக்கொண்டே போனை நீட்டினாள். அதே முகம். பேர் வேறு, டாக்டராம்.

"ஊர்ல இருக்கற நிலத்தை வித்து இவருக்கு அனுப்பலாம்னு இருக்கேன். ஆள் எப்படிக்கா, நம்பலாமா?"

சொன்னால், உங்களுக்கெப்படித் தெரியும் என்பாள். ஊரே வந்து அழுத துக்கம் நாறிப்போகும்.

"நல்ல முகக்களை" என்றேன்.

சந்தோஷத்தில் சுட்ட வாழைக்காயும் வேர்க்கடலையும் வாங்கித் தந்தாள். சூடாக இருந்தது. சாப்பிட்டேன்.