நொண்டல் தாளத்தை நேராக்கியவருக்கு

இசையைத் திருத்திய மேதையாகிய என் கணவருக்கு,

சாப்பாடு அடுப்பின் மேல் இருக்கிறது. சூடாக்கிச் சாப்பிடுங்கள். அதையாவது கணினியில் போட்டுத் திருத்தாதீர்கள்.

காலையில் இசைக்குழுத் தலைவர் கூப்பிட்டார். "என்னம்மா, ப்ளூஸ்னு சொன்னீங்க, தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கே?" குழுவில் சேர நீங்கள் அவருக்கு அனுப்பிய என் பியானோ பதிவைத்தான் சொல்கிறார். உங்களுக்குப் போன் போட்டால், "தாளம் அங்கங்க தப்பியிருந்துச்சு. உனக்கு அசிங்கமாயிடக் கூடாதேன்னு சரிபண்ணேன்" என்கிறீர்கள்!

தப்பவில்லை ஐயா. ஒரு தட்டுக்கு மூன்று சுரம். நடுச் சுரத்தை விழுங்கிவிட்டு நொண்டி நடக்க வேண்டும். ப்ளூஸ் இசைக்கு உயிரே அந்த நொண்டல்தான். அதற்காக இந்த இடது கையோடு எத்தனை மாதம் மல்லுக்கட்டினேன்! இந்த வீட்டில் என் பேச்சைக் கேட்காத இரண்டாவது ஜீவன் அது. நீங்கள் ஒரே பட்டனில் எல்லாச் சுரத்தையும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிறுத்திவிட்டீர்கள்.

கெஞ்சிக் கூத்தாடி இன்னொரு வாய்ப்பு வாங்கியிருக்கிறேன். மாலையில் நேரில் கேட்க வருகிறார். குழுவில் இடம் உண்டா இல்லையா என்பது இன்றோடு முடிவு. ஆஸ்பத்திரி ஷிப்ட் முடிந்து நான் வருவதற்குள் அவர் வந்துவிட்டால், உட்காரவைத்துக் காபி கொடுங்கள். பியானோவைத் தொடாதீர்கள். தாளத்தைப் பற்றி மூச்சுவிடாதீர்கள்.

இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: அந்தத் தையல் மெஷின் தாளத்தில் வாசித்தது நானேதான் என்று அவரிடம் சாதித்துவிட்டேன். உங்கள் காது இவ்வளவுதான் என்று ஊருக்குத் தெரிவதைவிட, என் கை மோசம் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். நீங்களாக உண்மையைச் சொல்லி நல்லவராகிவிடாதீர்கள். கோபம் அப்படியேதான் இருக்கிறது.