பத்து நிமிடம் செல்லுபடி

நாள் 212. காலை 08:10
செவ்வாய், இரண்டாம் நிலையம். இருப்பது நான் ஒருத்தி, மெர்சி அருள்தாஸ். கரியமில வாயு 0.4 விழுக்காடு. வடிகட்டி ஓடுகிறது. மாற்றாள் வர நாற்பது நாள்.

இதை நோட்டில் எழுதுகிறேன். கணினியில் எழுத வேண்டுமானால் சென்னை அலுவலகத்தின் வலைப்பக்கத்துக்குள் நுழைய வேண்டும். போன மாதம்வரை வடிகட்டியை இயக்கிய மென்பொருள் என் மேசைக் கணினியிலேயே இருந்தது. ஆறு வருடம் முக்காமல் முனகாமல் உழைத்தது. அதை அழித்துவிட்டு, இனி எல்லாம் இணையத்தில்தான் என்றார் மென்பொருள் பிரிவுத் தலைவர் தணிகாசலம். படிக்காமலே சம்மதக் கையெழுத்துப் போட்ட அறிவாளி நான்.

நாள் 213. காலை 09:40
ஆறு மணிக்கு வடிகட்டி நின்றுவிட்டது. திரையில்: 'முப்பது நாள் முடிந்தது. மீண்டும் உள்நுழையவும். ஓடிபி அனுப்பப்படும். பத்து நிமிடம் செல்லுபடி.'

பூமியிலிருந்து இங்கே சமிக்ஞை வரப் பதினான்கு நிமிடம். ஏழு முறை கேட்டேன். ஏழும் காலாவதியாகித்தான் வந்தன. வாயு 0.9.

பகல் 12:05
வானொலியை இன்னும் யாரும் இணையத்துக்கு மாற்றவில்லை. அதில் தணிகாசலம்: "மேடம், இங்க ஆபீஸ்ல பத்து தடவ செக் பண்ணிட்டோம், சூப்பரா ஓடுது. உங்க பக்கம் நெட் ஸ்லோவா இருக்கான்னு பாருங்க. எதுக்கும் ஒரு டிக்கெட் போட்டுடுங்க."

நெட் ஸ்லோவாம். ஒளியின் வேகத்தைக் கூட்டச் சொல்லி எங்கே மனுக் கொடுப்பது? புகார்ப் பக்கத்தைத் திறந்தேன். அதுவும் உள்நுழையச் சொல்கிறது. சம்பளம் வாங்குகிறார்கள் இதற்கு.

மாலை 03:30
வடிகட்டிக்கு நேரடியாக மின்சாரம் கொடுத்தேன். விசிறி சுற்றுகிறது, வால்வு திறக்கவில்லை. வால்வுக்குத் தணிகாசலத்தின் உத்தரவு வேண்டும். வாயு 2.1. தலைவலி. விண்வெளி உடைக்குள் போகிறேன், அதில் ஆறு மணி நேரக் காற்று.

நாள் 214. காலை 10:15
உடையில் காற்று நேற்றிரவே தீர்ந்தது. வாயு 5.2. வானொலியில் ஷாகுல், அங்கே எனக்காகப் பேசும் ஒரே மனிதன்: "அக்கா, சண்ட போட்டு வாங்கிட்டேன். இனி ஓடிபி ஒரு நாள் முழுக்கச் செல்லும். வந்ததும் அடிங்கக்கா."

அழுதுவிட்டேன்.

10:50
வந்துவிட்டது. எழுதிக்கொண்டேன்: 619043. அடித்தேன்.

11:18
தவறாம். மறுபடி அடித்தேன்.

11:46
தவறு. ஒவ்வொரு எண்ணாக நிதானமாக அடித்தேன். அங்கே எவனோ தூங்குகிறான்.

12:14
'மூன்று முறை தவறான எண். உங்கள் பாதுகாப்புக்காக, 24 மணி நேரம் கழித்து முயலவும்.'

12:30
திரையில் நான் அடித்த எண் இன்னும் நிற்கிறது. 619034.
நோட்டில் 619043.
மூன்று முறையும் நான்தான்.

வாயு 5.8 அல்லது 6.8. ஷாகுலிடம் சொன்னேன்.

01:05
"அக்கா, பூட்டைத் திறக்க தணிகாசலம் சார் கையெழுத்து வேணுமாம். சார் சாப்பிடப் போயிருக்காரு. வந்ததும் வாங்கிடறேன். தூங்கிடாதீங்கக்கா. அக்கா?"

கண்டெடுப்பவருக்கு. இந்த நோட்டைத் திறக்க உங்களுக்கு எந்த எண்ணும் தேவைப்படவில்லை. தணிகாசலத்திடம் காட்டுங்கள்.

சார் நன்றாகச் சாப்பிடட்டும். மோர் ஊற்றி, கை கழுவி, மெதுவாக வரட்டும். எனக்கு ஒன்றும் அவசர