உன் அம்மா பயந்த மீறல்

என் சண்டைக்காரி நிரோஜாவுக்கு,

உன் மீறல் தீர்ந்துவிட்டதடி. இதை நான் உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

ஒருநாள் நீ போனில் என்னிடம், "மீறல் அப்பிடியே நிக்குது, மறைக்கேலாது" என்று கத்த, உன் அம்மா ஓடிவந்தார்.

"பிள்ளை, மீறல் கீறல் எண்டு போனில கதையாதை. ஆரும் கேப்பினம்!"

"அம்மா, இது புரதத்தின்ர மீறல்."

"ஆற்ர எண்டாலும் வேண்டாம்!"

அன்று சிரித்தோம். 'மனித உரிமை மீறல்' என்பதில் வரும் ஒரு சொல்லுக்கே தாயொருத்தியை நடுங்கவைத்த நாட்டை நினைத்தால் இப்போது எரிகிறது.

வாசிப்பவர்களுக்காக ஒன்று சொல்கிறேன், பொறுத்துக்கொள். புரதத்தில் எந்த அணுக்கள் கிட்ட இருக்கின்றன என்று காந்தக் கருவி காட்டும். அந்தத் தூர வரம்புகளை வைத்து மென்பொருள் புரதத்தை மடித்து மாதிரிகள் கட்டும். வரம்பைத் தாண்டினால் மீறல். எங்கள் மாதிரிகள் எல்லாவற்றிலும் அதே இரண்டு அணுக்கள் விலகியே நின்றன.

"அந்த வரம்பை அழிச்சுவிடுங்கோ, படம் வடிவா வரும்" என்றார் பேராசிரியர். நீ எழும்பினாய்.

"சேர், சமிக்ஞை தெளிவா இருக்கு. எங்கட நினைப்புத்தான் பிழை. இந்தப் புரதம் தனிய இல்லை, சோடியா நிக்குது."

"கொட்டாஞ்சேனைச் சண்டை இங்க வேண்டாம்" என்று உன் ஊரை இழுத்தார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு மழை. டெங்கு. உன் ஒழுங்கையின் கழிவுநீர்க் கான் நுளம்பு பெருக இன்றும் அடைத்தபடிதான் கிடக்கிறது. விருந்தாளி வரும் தெருவை மட்டும் கழுவும் நகரம் இது. நீ செத்தது யாருடைய கணக்கில் மீறல்?

நீ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். மென்பொருளுக்கு ஒரு புரதத்துக்குப் பதில் இரண்டைக் கொடுத்தேன். ஒன்றின் அணு மற்றதின் அணுவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மீறல் இல்லை. புதிதாக அளந்தும் பார்த்தோம். சோடிதான்!

கட்டுரையின் அடியில் உனக்கு நன்றி போடலாம் என்றார் பேராசிரியர்.

"காணாது சேர். முதல் பெயர் அவளின்ர."

"போன பிள்ளைக்குப் பெயர் என்னத்துக்கு?"

"இருக்கேக்க நீங்கள் குடுக்கேல்லையே, அதுக்கு."

இம்முறை யாரும் சிரிக்கவில்லை. அன்று சிரித்தவர்களே என் பக்கம் நின்றார்கள். முதல் பெயர் உன்னுடையது.

அந்தப் பக்கத்தை உன் அம்மா வாசல் சுவரில் ஒட்டியிருக்கிறார். போகிற வருகிற எல்லோரிடமும் சத்தமாகவே சொல்கிறார்: "என்ர பிள்ளை மீறல் கண்டுபிடிச்சவள்!"

இனி யார் அழிக்கச் சொன்னாலும், ஏன் என்று கேட்காமல் ஒரு வரம்பையும் அழிக்கமாட்டேன். சத்தியம்.

உன் சோடி,
கூடப் பிறக்காத வெள்ளவத்தைத் தங்கச்சி,
மயூரி