டம்ளரில் மிதந்த துணி

இன்று இராஜபாளையத்திலிருந்து வந்த, காயத்துக்குக் கட்டும் காஸ் துணிப் பொட்டலத்தைப் பிரித்தேன். வெளுத்த துணியின் வாடை மூக்கில் ஏறியதும் கை தானாக உன் எவர்சில்வர் டம்ளரைத் தேடியது. அது இப்போது என் மேசையில்தான் இருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரியில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். உயிர்நுட்பத் திட்டத்துக்கு அரசு நிதி கேட்டு எந்தக் குழு எழுதினாலும், டெல்லிக்கு அனுப்புமுன் உன் எதிரே உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும். அப்பப்பா, உன்னைக் கண்டாலே எல்லாருக்கும் நடுக்கம்!

மூலிகைச் சாறு ஏற்றிய காயக்கட்டுத் திட்டத்துக்கு நான் தலைவி. உன் எதிரே நாங்கள் உட்கார்ந்தபோது, விண்ணப்பம் அனுப்ப மறுநாளே கடைசி நாள். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தேன். நீ ஒன்றுமே கேட்கவில்லை. எங்கள் துணியில் ஒரு துண்டை வெட்டி, டம்ளர் தண்ணீரில் போட்டாய். மிதந்தது. முங்கவே இல்லை. குழுவினர் வெளியே போனதும் என்னைப் பார்த்தாய்.

"ஏட்டி, ரத்தத்த உறிஞ்சும்னு எழுதியிருக்க. இது தண்ணியவே குடிக்க மாட்டேங்குதே?"

அப்பாவின் தறியிலிருந்து நானே எடுத்துவந்த துணி; குழுவுக்கு அது தெரியாது. வெளுக்காதது, கஞ்சியும் பஞ்சின் மெழுகும் போகாதது; அதில் தண்ணீர் ஏறாது. எங்கள் சோதனை எல்லாம் அதில்தான். தறிக்காரர் மகளுக்கு இது தெரியாதா? வீட்டுத் துணி என்பதால் சோதிக்கத் தோன்றவில்லை.

"அனுப்பிருவோம். டெல்லில இருக்கவுக என்ன டம்ளரோடயா உக்காந்திருப்பாக?" என்றேன்.

"அனுப்பு, நான் தடுக்கல. காயம்பட்டவுக மேல கட்டப்போற துணி. பொறவு ஒம்பாடு."

அனுப்பவில்லை. அந்த வருடம் போயிற்று. குழுவினர் கேட்டபோது, "கம்பெனில துணிய மாத்திக் குடுத்துட்டாக" என்று சொல்லி என் மானத்தைக் காப்பாற்றினாய். நானோ ஒரு மாதம் உன்னோடு பேசவில்லை. கடைசியில் டவுன் பஸ்ஸில் பக்கத்து இடத்தைப் பிடித்துவைத்து நீதான் கூப்பிட்டாய். நீ செய்தது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்புறம் சொல்லலாம் என்றே இருந்துவிட்டேன். இப்போது அதைக் கேட்க நீ இல்லை.

இன்று புதுக் குழு என்னிடம் பதில் சொல்ல வந்திருந்தது, மூன்று பேர். பொட்டலத்துத் துணியில் ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டேன். உடனே முங்கியது.

"டம்ளர் எதுக்கு மேடம்?" என்றாள் ஒருத்தி.

நடந்ததைச் சொன்னேன். "தப்பான துணியக் கொண்டுவந்தது கம்பெனி இல்ல. நாந்தான்."

டம்ளரைப் பற்றிக் கேட்டவள் தன் நோட்டைத் திறந்தாள்.

"மேடம், எங்க சோதனையிலயும் ஒண்ணு சரியா வரல. எழுதாம விட்டுட்டோம். சொல்லவா?"

நாற்காலியை இழுத்துப்போட்டு, நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்தேன்.