கண்ணூறு படும் என்று சொல்லாமல் விட்டது

4 ஜூலை, வெள்ளி
காலையிலேயே கச்சான் காற்று. கூட்டக் கூட்ட முற்றத்தில் மணல். கனடாவிலிருந்து மச்சான் ஃபோன் எடுத்தார். என்னைக் கலியாணம் முடித்துவிட்டுப் போய் வருசக்கணக்கு; இப்போதுதான் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. இனி மனைவி என்று என்னை அங்கே கூப்பிட அவரே விண்ணப்பம் போடுவாராம். சுணங்குமாம். யாரிடமும் எதுவும் கொடுத்துவிடாதே என்றார். ஏ. பற்றி நான் சொல்லவில்லை. (ஏ. = ஏஜென்ட். பேர் எழுதவும் பயம்.)

அவருடைய சாரத்தைத் துவைத்துக் கொடியில் போட்டேன். உடுக்க ஆளில்லை. வீட்டில் ஆம்பிளை இருக்கிற மாதிரித் தெரியட்டும்.

6 ஜூலை, ஞாயிறு
கல்முனை பஸார். நூல், கோழித் தீன், பிறகு ஏ.யின் ஆபீஸ், ஒரு ஃபோன் கடைக்கு மேல்மாடி. மச்சான் கூப்பிட்டால் காலம் போகும், என் பேரிலேயே நர்ஸ் என்று போட்டால் கெதியாக வதிவிடம் எடுக்கலாம் என்றான். நான் ஊசியைக் கண்டாலே கண்ணை மூடுகிறவள். வியாழன் பாஸ்போட்டோடு போய் வெறும் படிவத்தில் கையெழுத்து வைக்கவேண்டும். மிச்சத்தை அவன் நிரப்புவானாம்.

இறங்கும்போது சொன்னான்: "விசா கையில வரும்மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதீங்க தங்கச்சி. கண்ணூறு பொல்லாதது."

அது சரிதான். எங்கள் ஊரில் ஆள் பிளேன் ஏறின பிறகுதான் சொந்தக்காரருக்கே தெரியவரும்.

8 ஜூலை, செவ்வாய்
கரண்ட் இல்லை. ஒரு ஆளுக்கு ஆக்க இன்னும் பழகவில்லை; மிஞ்சின சோறு கோழிக்கு. பக்கத்து வளவு பர்வீன் வருவதே இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டு. முன்பெல்லாம் சோற்றுக்கு ஆணம் காய்ச்சினால் ஒரு கோப்பை வேலிக்கு மேலால் வரும். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறாள். என்ன கோபமோ. வாயைத் திறந்தால் ஏ. கதை வந்துவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். இன்று கோழிகளோடு மட்டும்தான் கதைத்தேன். அழுகை வந்தது. வரட்டும்.

9 ஜூலை, புதன்
நாளைக்குக் கையெழுத்து. சொல்லக் கூடாது என்று இருந்தும் பர்வீனிடம் போய்விட்டேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வெளிநாடு போகப் பார்க்கிறேன் என்றேன். துருவலை நிறுத்தினாள்.

"உன்னையும் நர்ஸெண்டா போட்டிரிக்கான்?"

அவளுடைய பாஸ்போட் நோன்பிலிருந்து ஏ.யிடம். ஃபோன் எடுக்கிறானில்லையாம். "கண்ணூறு எண்டு உனக்கும் சொல்லல்ல புள்ள" என்றாள். இத்தனை மாதமும் வேலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊமைகள்.

10 ஜூலை, வியாழன்
இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில். ஏ. உள்ளே மீட்டிங்கில் இருக்கிறானாம். மாடிப்படியிலேயே இருந்துகொண்டோம். ஏறி வந்த ஒவ்வொருத்தரிடமும் பர்வீன் கேட்டாள், நீங்களும் நர்ஸா என்று. பெண்கள் எல்லாரும் ஓம் என்றார்கள். பிறகு தாடி வைத்த ஒருவர் வந்தார். அவரும் ஓம். சிரித்ததில் எனக்குக் கண்ணீர். படி நிறைய ஆளாகிச் சத்தம் கூட, பின்னேரம் அஸர் பாங்குக்கு முன் எல்லாப் பாஸ்போட்டும் வெளியே வந்தது. நான் கையெழுத்து வைக்கவில்லை. பொலிசிலும் முறைப்பாடு.

11 ஜூலை, வெள்ளி
மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசவில்லை. பொய் எழுதிப் பிடிபட்டிருந்தால் பிறகு அவர் கூப்பிட்டாலும் கனடாவுக்குள் எடுக்கமாட்டார்களாம். அவர் போடுகிற படிவத்தில் என் தொழில் கேட்கிறதாம். இல்லை என்று போடுங்கள் என்றேன். எப்போது வரலாம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

பகல் வேலிக்கு மேலால் மீனாணம். சோறு மிஞ்சவில்லை.

கச்சான் காற்று விடவில்லை. சாரமெல்லாம் மணல். திரும்பத் துவைத்துப் போட்டேன்.